அரசனிடம் கணக்குக் கேட்ட குமாஸ்தா

அவர் ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. அவருடைய எதிரியோ ஓர் அரசன்.

அரசனிடம் கோடி கோடியாகப் பணம் இருந்தது. படை இருந்தது. பத்திரிகைகளை விலைக்கு வாங்கும் சாமர்த்தியமும் இருந்தது. குமாஸ்தாவிடம் இருந்தவை ஒரு பேனாவும், கணக்குப் படிக்கத் தெரிந்த மூளையும்தான்.

போராட்டம் தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. அரசன் தன் பிடியில் வைத்திருந்த ஒரு பெரிய நாட்டையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது!

அந்தக் குமாஸ்தாவின் பெயர் மோரல். அரசன், பெல்ஜியத்தை ஆண்ட இரண்டாம் லியோபோல்டு. அந்த நாடு, ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் காங்கோ.

பள்ளியை விட்ட பையன்

1873-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி பாரிஸ் நகரில் மோரல் பிறந்தார். தகப்பனார் பிரெஞ்சுக்காரர். அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் இங்கிலாந்துக்காரர். மோரலுக்கு நாலு வயது ஆனபோது தகப்பனார் இறந்துவிட்டார்.

தாயார் மகனை இங்கிலாந்தில் படிக்க வைத்தார். ஆனால் நெடுநாள் படிக்க வைக்கப் பணம் இல்லை. 15 வயதில் படிப்பு நின்றது. பையன் வேலைக்குப் போனான்.

1891-ல் மோரல் லிவர்பூல் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. அங்கே எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கப்பல் விடும் கம்பெனி அது.

சம்பளம் சொற்பம். கலியாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தன. வீட்டுச் செலவுக்குப் போதவில்லை. ஆகவே, ஆப்பிரிக்க வியாபாரத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி, கொஞ்சம் சம்பாதித்தார்.

ஆரம்பத்தில் அவர் கலகக்காரர் அல்ல. கம்பெனி சொல்வதை நம்பியவர். வியாபாரம் போகும் இடத்தில் நாகரிகமும் போகும் என்று எண்ணியவர்.

பெயர் மட்டும் சுதந்திரம்

இப்போது அரசனைப் பார்ப்போம்.

பெல்ஜியம் சிறிய நாடு. லியோபோல்டுக்கு அது போதவில்லை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இருப்பதுபோலத் தனக்கும் கடல் கடந்து ஒரு தேசம் வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

ஸ்டான்லி என்ற பிரயாணியைச் சம்பளம் கொடுத்துக் காங்கோவுக்கு அனுப்பினான். ஸ்டான்லியும் அவருடைய ஆட்களும் ஊர்த் தலைவர்களிடம் துணியையும் சாமான்களையும் கொடுத்து, ஒப்பந்தத் தாளில் அடையாளம் வாங்கினார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்தத் தலைவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்தப் பாஷையே தெரியாது!

1884-ம் ஆண்டு கடைசியில் பெர்லின் நகரில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஆப்பிரிக்காவில் யார், எப்படி இடம் பிடிக்கலாம் என்று பேசினார்கள். அந்த மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை.

அடிமை வியாபாரத்தை ஒழிப்பேன், எல்லா நாட்டாரும் தாராளமாக வியாபாரம் செய்யலாம் என்று லியோபோல்டு வாக்குக் கொடுத்தான். உலகம் நம்பியது. 1885-ல் காங்கோ அவன் கைக்கு வந்தது. அது பெல்ஜியம் நாட்டுக்குச் சொந்தம் அல்ல. அரசன் என்ற தனி ஓர் ஆளுக்குச் சொந்தம்! பெல்ஜியத்தைப்போல 75 மடங்குக்கு மேல் பெரிய நிலம் அது. அதற்குக் காங்கோ சுதந்திர நாடு என்று பெயரும் வைத்தான்.

அந்த நாட்டில் லியோபோல்டு ஒரு நாள்கூடக் கால் வைத்தது இல்லை.

மூன்று சக்கர வண்டி

1888-ல் வேறு ஒரு சங்கதி நடந்தது. அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். அவர் மகனுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. கரடுமுரடான பாதையில் அது தடதடவென்று ஆடியது. மகன் சுகமாக ஓட்டட்டும் என்று டன்லப், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் மாட்டினார்.

காற்றடைத்த டயர் பிறந்தது. பிறகு ஊரெல்லாம் சைக்கிள். அடுத்து மோட்டார் கார். உலகம் முழுவதும் ரப்பருக்குத் தவித்தது.

காங்கோவின் காடுகளில் ரப்பர்ப் பால் தரும் கொடிகள் ஏராளம். நட வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். காட்டுக்குள் போய்ப் பால் எடுத்துவர ஆள் இருந்தால் போதும்.

லியோபோல்டு சட்டம் போட்டான். குடியிருப்பும் விளைநிலமும் தவிர மற்ற நிலம் எல்லாம் சர்க்காருக்குச் சொந்தம். அதில் விளையும் ரப்பரும், அங்கே கிடைக்கும் யானைத் தந்தமும் சர்க்காருக்குச் சொந்தம். பாட்டன் காலத்திலிருந்து ஜனங்கள் வேட்டையாடிய காடு, ஒரே நாளில் அரசனுடைய காடு ஆகிவிட்டது. அதில் ஒரு பகுதியைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டான். லாபத்தில் பங்கும் வாங்கிக்கொண்டான்.

1901-ல் காங்கோவிலிருந்து சுமார் 6,000 டன் ரப்பர் கப்பல் ஏறியது.

கப்பல் சொன்ன கதை

காங்கோ சரக்கை ஏற்றிவரும் வேலை மோரலின் கம்பெனிக்குத்தான் இருந்தது. கப்பல்கள் பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு வரும். மோரலுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆகவே கம்பெனி அவரை அடிக்கடி அங்கே அனுப்பியது.

மோரல் துறைமுகத்தில் நின்று பார்த்தார். கம்பெனியின் பேரேடுகளைப் புரட்டினார். மூன்று விஷயங்கள் அவர் கண்ணில் பட்டன.

முதலாவது, திரும்பிப் போகும் கப்பல்களில் துப்பாக்கி, தோட்டா, சிப்பாய்கள்! வியாபாரத்துக்குப் போகும் கப்பலில் இத்தனை துப்பாக்கி எதற்கு?

இரண்டாவது, காங்கோவிலிருந்து இவ்வளவு ரப்பர் வந்தது என்று சர்க்கார் ஊருக்குச் சொல்லும் கணக்கு ஒன்று. கப்பலில் உண்மையாக வந்து இறங்கும் சரக்கு வேறு. வருவது அதிகம், காட்டுவது குறைவு. நடுவில் உள்ள பணம் யார் பைக்குப் போகிறது?

மூன்றாவதுதான் முக்கியம். நாம் கடையில் அரிசி வாங்கினால் காசு கொடுக்கிறோம். காங்கோவிலிருந்து கப்பல் கப்பலாக ரப்பர் வருகிறது. அதற்கு ஈடாகத் துணி போக வேண்டும், பாத்திரம் போக வேண்டும், உப்புப் போக வேண்டும். ஆனால் வாங்கிய ரப்பருக்கு விலை என்று சொல்லும்படி ஒன்றும் போகவில்லை!

அப்படியானால் அந்த ஜனங்கள் எதற்காக ரப்பர் கொடுக்கிறார்கள்?

மோரல் யோசித்தார். கூலி இல்லாமல் யாரும் வருஷக்கணக்காக வேலை செய்ய மாட்டார்கள். செய்கிறார்கள் என்றால், துப்பாக்கி முனையில் செய்கிறார்கள். அங்கே நடப்பது வியாபாரம் அல்ல. அடிமைத்தனம்!

காங்கோவை ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர், துறைமுகத்தில் நின்றபடியே இந்த முடிவுக்கு வந்தார். ஒரு கொலையைத் தற்செயலாகக் கண்டுவிட்டவன் அடையும் திகிலை அவர் அடைந்தார்.

காட்டில் நடந்தது

அவர் கணித்தது சரியா? காட்டில் நடந்தது இதுதான்.

ஒவ்வொரு கிராமமும் இத்தனை கூடை ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. பக்கத்துக் கொடிகள் தீர்ந்ததும் ஆண்கள் பல நாள் நடந்து நடுக்காட்டுக்குப் போனார்கள். உயர்ந்த மரங்களில் ஏறிக் கொடியை வெட்டினார்கள். வடியும் பாலை உடம்பில் பூசிக் காயவைத்தார்கள். பிறகு உரித்து எடுத்தார்கள். ரோமமும் சேர்ந்து பிய்ந்து வரும்.

ஆண்கள் தப்பி ஓடாமல் இருக்க ஒரு வழி செய்தார்கள். அவர்கள் மனைவி மக்களைப் பிடித்துக் கொட்டடியில் அடைத்தார்கள். சொன்ன எடைக்கு ரப்பர் வந்தால்தான் விடுதலை. சோறு தண்ணீர் இல்லாமல் கொட்டடியிலேயே இறந்த பெண்கள் பலர்.

மறுத்த கிராமங்கள் மீது சிப்பாய்கள் பாய்ந்தார்கள். சுடும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் சிப்பாய் கணக்குக் காட்ட வேண்டும். தோட்டாவை வீணாக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, செத்தவனின் வலது கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். வேட்டையாடித் தோட்டாவைச் செலவழித்த சிப்பாய், கணக்கைச் சரிக்கட்ட உயிரோடு இருந்தவர் கையையும் வெட்டினான்.

அதிகாரிகளுக்கு ரப்பர் எடைக்குத் தகுந்த இனாம் உண்டு. ஜனங்களுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறார்களோ, அவ்வளவுக்கு இனாம் அதிகம்!

வயலைக் கவனிக்க ஆள் இல்லை. பஞ்சம் வந்தது. பஞ்சத்தோடு தூக்க வியாதி என்ற கொள்ளைநோயும் பரவியது. ஐரோப்பியர் வந்த நாளிலிருந்து காங்கோவின் ஜனத்தொகை பாதியாகிவிட்டது என்று 1919-ல் பெல்ஜிய அரசாங்கமே நியமித்த ஒரு குழு கணித்தது.

வேலையை உதறினார்

மோரல் தம் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். முதலாளியின் பெயர் சர் ஆல்பிரட் ஜோன்ஸ். அவரே லிவர்பூலில் லியோபோல்டின் கௌரவப் பிரதிநிதியாகவும் இருந்தார்! காங்கோ சரக்கு கம்பெனிக்கு நல்ல வருமானம். முதலாளிக்கு மோரலின் பேச்சு ரசிக்கவில்லை.

மோரலை வாயடைக்கப் பார்த்தார்கள். வெளிநாட்டில் நல்ல பதவி தருவதாகச் சொன்னார்கள். மோரல் மறுத்தார். சொற்ப வேலைக்குப் பெரும் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். அதையும் மறுத்தார்.

1901-ல் ராஜினாமா செய்தார். வயது 28. கையில் சேமிப்பு இல்லை. வீட்டில் மனைவி மேரி, சின்னக் குழந்தைகள். மேரி கணவரைத் தடுக்கவில்லை. கடைசிவரை துணை நின்றார்.

1903-ல் மோரல் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். வருகிற கடிதங்களை எல்லாம் படித்தார். காங்கோவில் வேலை பார்த்து மனம் நொந்தவர்கள் இரகசியமாகத் தஸ்தாவேஜுகளை அனுப்பினார்கள். பாதிரிமார்கள் கண்ணால் கண்டதை எழுதினார்கள். மோரல் ஆத்திரமாகத் திட்டி எழுதவில்லை. தேதி, ஊர், பெயர், எடை, தொகை என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார். மறுக்க முடியாத எழுத்து அது.

அவருக்கு முன்பும் குரல் எழுந்ததுண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நீக்ரோ அறிஞர் 1890-லேயே காங்கோவுக்குப் போய்ப் பார்த்தார். லியோபோல்டுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். மறு வருஷமே இறந்துவிட்டார். அந்தக் குரல் அமுங்கிப்போயிற்று. மோரல், தனிக் குரல்களை ஒன்று சேர்த்தார். 1903 மே மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு காங்கோ ஜனங்களுக்காகத் தீர்மானம் போட்டது.

கேஸ்மெண்ட் வந்தார்

பார்லிமெண்டு தீர்மானத்துக்குப் பின் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் தூதரைக் காங்கோவின் உட்பகுதிக்கு அனுப்பியது. அவர் பெயர் ரோஜர் கேஸ்மெண்ட். அயர்லாந்துக்காரர்.

அரசனின் படகில் போனால் அரசன் காட்டுவதைத்தான் பார்க்கலாம். ஆகவே பாதிரிமார்களின் நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார் கேஸ்மெண்ட். கிராமம் கிராமமாக ஜனங்களை விசாரித்தார். கையிழந்த சிறுவர்களைப் பார்த்தார். ஒன்று விடாமல் எழுதினார். 1904 ஆரம்பத்தில் அறிக்கை வெளிவந்தது. மோரல் துறைமுகத்தில் கணித்தது காட்டில் உண்மையாயிற்று!

இருவரும் லண்டனில் சந்தித்தார்கள். நள்ளிரவு தாண்டியும் பேசினார்கள். அந்தச் சந்திப்பின் பலனாக 1904 மார்ச் மாதம் லிவர்பூலில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. முதல் கூட்டத்துக்கே ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கேஸ்மெண்ட் சர்க்கார் உத்தியோகஸ்தர். வெளிப்படையாகச் சேர முடியாது. தமக்கே வசதி இல்லாதபோதும் 100 பவுன் நன்கொடை கொடுத்தார்.

மோரல் இராப்பகலாக உழைத்தார். 1906-ம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் அவர் எழுதிய கடிதங்கள் 3,700!

மார்க் ட்வெயின் அமெரிக்காவில் லியோபோல்டைக் கேலி செய்து புத்தகம் எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் தந்த கானன் டாயிலும் பிற்பாடு சேர்ந்துகொண்டார். மோரலோடு மேடை மேடையாகப் பேசினார்.

பேசிய படங்கள்

எழுத்தைவிட வேகமாக ஊரைக் கலக்கியது ஒரு பெண்மணி எடுத்த புகைப்படங்கள். அவர் பெயர் ஆலிஸ் ஹாரிஸ். காங்கோவில் பாதிரியாராக இருந்தவரின் மனைவி.

1904-ல் ஒரு நாள் என்சாலா என்ற மனிதர் அவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் இலைப் பொட்டலம். உள்ளே அவருடைய ஐந்து வயது மகளின் கையும் காலும் இருந்தன. ரப்பர்க் கம்பெனியின் காவலாட்கள் கொன்ற குழந்தை அவள். வேறு எதுவும் மிஞ்சவில்லை. என்சாலா வராந்தாவில் உட்கார்ந்து, எதிரே கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலிஸ் அதைப் படம் எடுத்தார்.

அந்தப் படங்களைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, விளக்கொளியில் பெரிய திரையில் காட்டினார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகக் காட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்தார்கள். கண்ணீர் விட்டார்கள். லியோபோல்டு பணம் கொடுத்து எத்தனையோ பத்திரிகைகளில் பொய் எழுதச் செய்தான். படத்துக்குப் பதில் சொல்ல அவனால் முடியவில்லை.

உயிர் கொடுத்தவர்

மோரல் இங்கிலாந்தில் பத்திரமாக இருந்தார். காங்கோவிலேயே இருந்துகொண்டு அவருக்கு உதவியவர்களின் கதி வேறு.

ஷானு என்பவர் லாகோஸ் நகரில் பிறந்த ஆப்பிரிக்கர். காங்கோவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, பிறகு கடை வைத்து வசதியாக வாழ்ந்தவர். கொடுமைகளைக் கண்டு மனம் மாறினார். மோரலுக்கு இரகசியமாகக் கோர்ட்டு விவரங்களை அனுப்பினார். போலீசுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கடையில் யாரும் சாமான் வாங்கக்கூடாது என்று சர்க்கார் ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார்கள். தொழில் நாசமாயிற்று. 1905-ல் ஷானு தற்கொலை செய்துகொண்டார்.

அந்தப் போரில் மாண்ட வீரர்களில் அவரும் ஒருவர்.

110 குச்சிகள்

எதிர்ப்பு வலுத்தது. லியோபோல்டு ஒரு தந்திரம் செய்தான். தானே ஒரு விசாரணைக் குழுவை நியமித்தான். மூன்று நீதிபதிகள். தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வார்கள் என்று நம்பினான்.

நீதிபதிகள் காங்கோவுக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான பேர் வந்து சாட்சி சொன்னார்கள். லொண்டுலு என்ற ஊர்த் தலைவர் ஒரு கட்டுக் குச்சிகளோடு வந்தார். மொத்தம் 110 குச்சிகள். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் ஜனங்களில் ஆளுக்கு ஒரு குச்சி! தலைவருக்கு ஒரு அளவு, ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வேறு அளவு. ஒவ்வொன்றாக நீதிபதிகள் முன் வைத்து, இறந்தவர் பெயரைச் சொன்னார்.

மோரல் பேரேட்டில் கணக்குப் பார்த்தார். லொண்டுலுவுக்குப் பேரேடு இல்லை. அவரும் கணக்கு வைத்திருந்தார்.

நீதிபதிகள் அரசன் நினைத்தபடி நடக்கவில்லை. 1905 நவம்பரில் அறிக்கை வந்தது. புகார்கள் உண்மை என்று அது ஒப்புக்கொண்டது.

சாக்லெட் வியாபாரியின் சங்கடம்

மோரலின் சங்கத்துக்கு நிறையப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் வில்லியம் காட்பரி. பெரிய சாக்லெட் கம்பெனிக் குடும்பம். நல்ல மனிதர். தம் தொழிலாளர்களை அன்பாக நடத்திய குடும்பம்.

ஆனால் பாருங்கள். அந்தச் சாக்லெட்டுக்கு வேண்டிய கோக்கோ எங்கிருந்து வந்தது? போர்த்துக்கல் ஆண்ட சாவோ டோமே தீவிலிருந்து வந்தது. அங்கே தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். பெயர் ஒப்பந்தக் கூலி. நிஜத்தில் அடிமை.

1901-லேயே காட்பரி காதுக்கு விஷயம் எட்டியது. விசாரித்தார்கள். போர்த்துக்கல் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். ஆனால் 1909 வரை அந்தக் கோக்கோவை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்! ஒரு பத்திரிகை இதை இடித்துரைத்தது. கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. வழக்கில் ஜெயித்தது. ஜூரிகள் கொடுத்த நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு பார்திங். கால் பென்னி!

பக்கத்து வீட்டு அநியாயம் கண்ணுக்குத் தெரிந்தது. சொந்தப் பேரேட்டில் இருந்த அநியாயத்தை நிறுத்த எட்டு ஆண்டு ஆயிற்று. உலகம் ஒரே சந்தை ஆகும்போது நல்லவர்கள் வீட்டிலும் இப்படி நடக்கிறது.

அரசன் பணிந்தான்

1908 நவம்பரில் லியோபோல்டு காங்கோவைப் பெல்ஜியம் அரசாங்கத்திடம் ஒப்படைத்தான். சும்மா கொடுக்கவில்லை. கடன்களைப் பெல்ஜியம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல், காங்கோவுக்காகப் பாடுபட்டதற்கு நன்றியாக அரசனுக்கு 5 கோடி பிராங்க் என்று எழுதிக் கொடுத்தது!

ஒப்படைக்கும் முன் காங்கோ சர்க்காரின் பழைய காகிதங்களை எல்லாம் தீயில் போட்டார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் எட்டு நாள் அடுப்பு எரிந்தது. மறுவருஷம் டிசம்பரில் லியோபோல்டு இறந்தான். தண்டனை ஒன்றும் இல்லை.

மோரல் உடனே ஓய்ந்துவிடவில்லை. கொடி மாறினால் போதாது, நிலமும் அதன் விளைவும் அந்த ஜனங்களுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். அவருடைய வாதத்தின் உயிர்நாடி இதுதான். நிலத்தைப் பறித்தால் விளைவைப் பறிக்கலாம். விளைவைப் பறித்தால் கூலி கொடுக்க வேண்டாம். கூலி கொடுக்காவிட்டால் சவுக்கை எடுத்தே ஆக வேண்டும். சவுக்கைப் பிடித்தவன் குணத்தைத் திட்டிப் பயன் இல்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

கைவெட்டும் கொடுமை நின்றது. புது ஆட்சியில் கட்டாய வேலையும் தலைவரியும் பல வருஷம் நீடித்தன. நிலைமை ஓரளவு தேறியது என்று கண்டு, 1913-ல் சங்கத்தைக் கலைத்தார்கள்.

ரப்பர் மட்டும் ஓயவில்லை

ரப்பருக்கு உலகம் வேறு இடம் தேடியது. தென் அமெரிக்காவில் புட்டுமாயோ ஆற்றங்கரையில் இதே கொடுமை நடந்தது. செய்தது லண்டனில் பதிவான ஒரு கம்பெனி. 1910-ல் கேஸ்மெண்ட் அங்கும் போய் விசாரித்து அம்பலப்படுத்தினார்.

காட்டு ரப்பர் காலம் முடிந்து, தோட்ட ரப்பர் காலம் வந்தது. 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகள், இலங்கையிலும் மலேயாவிலும் மரங்களாயின. மலேயாவின் பால்மரக் காடுகளில் பால் வெட்டப் போனவர்கள் யார்? நம் தமிழ்நாட்டு ஏழைகள்தான். கங்காணி பேச்சை நம்பிக் கப்பல் ஏறினார்கள். மலைக்காய்ச்சலில் மாண்டவர் எத்தனையோ பேர். அங்கே கூலி உண்டு, கைவெட்டு இல்லை. ஆனால் முன்பணக் கடனும் கங்காணியின் பிடியும் உண்டு. பிறகு தோட்ட ரப்பர், காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. காங்கோக் கொடியை உலகம் மறந்தது.

சிறையும் சபையும்

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. இரகசிய ஒப்பந்தங்களே போருக்குக் காரணம் என்று மோரல் எழுதினார். நேற்று அவரைப் புகழ்ந்தவர்கள் இன்று துரோகி என்றார்கள்.

1917-ல், ஸ்விட்சர்லாந்தில் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்துக்கு ஒரு பிரசுரத்தை அனுப்பினார் என்று குற்றம் சாட்டி, ஆறு மாதம் சிறையில் போட்டார்கள். லண்டன் பெண்டன்வில் சிறை. அதே சிறையில்தான் முந்திய ஆண்டு கேஸ்மெண்ட் தூக்கில் தொங்கினார். அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய குற்றம்! மோரல் தபால் பை தைத்தார். வெளியே வந்தபோது தலை நரைத்திருந்தது. உடல் தளர்ந்திருந்தது.

அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. போருக்குப் பின் ஜெர்மனியில் காவல் நின்ற பிரெஞ்சுப் படையில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1920-ல் அவர்களைப் பற்றி மோரல் இழிவாக எழுதினார். கறுப்பு நிறத்தையே குற்றமாக்கும் எழுத்து அது. காங்கோ ஜனங்களுக்காகப் பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டவர், அதே கண்டத்துப் பிள்ளைகள் மீது சேறு வாரி இறைத்தார். அவர் செய்த நன்மையைச் சொல்கிற நாம், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1922 தேர்தலில் டண்டீ நகரில் தொழிற்கட்சி அபேட்சகராக நின்றார். தோற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில்!

சபையில் நெடுநாள் இருக்க விதி இல்லை. 1924 நவம்பர் 12-ந் தேதி கிராமப்புறத்தில் உலாவப் போனவர், களைப்பாக இருக்கிறது என்று ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது 51.

கணக்கு இன்னும் முடியவில்லை

மோரல் இறந்து 24 ஆண்டுகள் கழித்து, 1948 டிசம்பர் 10-ந் தேதி ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. யாரையும் அடிமையாக வைக்கக்கூடாது, உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்று அதில் இருக்கிறது. 1960 ஜூன் 30-ந் தேதி காங்கோ விடுதலை பெற்றது. அதன் 60-வது ஆண்டு நாளில், 2020-ல், பெல்ஜியம் அரசர் பிலிப் பழைய கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

இன்று சைக்கிள் டயருக்குக் காங்கோக் கொடி தேவை இல்லை. ஆனால் கைபேசியின் பாட்டரிக்கும் மின்சார மோட்டார் காருக்கும் கோபால்ட் என்ற உலோகம் சேர்க்கிறார்கள். உலகில் வெட்டி எடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் மண் சுமப்பதை 2016-ல் மனித உரிமைச் சங்கத்தார் கண்டு எழுதினார்கள்.

உலகமயம் என்கிறோம். ஒரு மூலையில் விளைவது மறு மூலையில் வீட்டுக்குள் வருகிறது. அதனால் சுகம் உண்டு. வேலையும் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. மோரலும் வியாபாரத்தை வெறுத்தவர் அல்ல. கொடுத்து வாங்கினால்தான் அது வியாபாரம் என்றார். அவ்வளவுதான்.

சாமான் வந்து இறங்கும் இடத்தில் நின்று, இதற்கு ஈடாக அங்கே என்ன போயிற்று என்று அவர் கேட்டார். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. 15 வயதில் பள்ளியை விட்ட ஒரு குமாஸ்தாவுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அது.